ஒரே முகவரியில் இரண்டு ரிமோட்

ஏழு நாற்பதுக்கு ரிமோட்டில் பச்சை விளக்கு எரிந்தது. ஏழு நாற்பத்தொன்றுக்குச் சிவப்பு.

டெஸ்டர் அதை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். பச்சை. மனதுக்குள் எண்ணினார். முப்பது வருவதற்குள் சிவப்பு.

சட்டைப் பையில் டெஸ்டர் எப்போதும் துருத்திக்கொண்டிருப்பதால் அந்தக் கல் யார்டில் எலக்ட்ரீஷியனுக்கு அதுவே பெயர். பதினேழு வருஷமாகிவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே ஒரு நொடி யோசித்துத்தான் திரும்புவார்.

மலையிலிருந்து வெட்டி வரும் பாறைகளை அங்கே பலகைகளாக அறுப்பார்கள். ஒரு பலகை அரை டன். தூக்கி நகர்த்த, தலைக்கு மேல் தண்டவாளத்தில் ஓடும் இரண்டு கிரேன்கள். கீழே நிற்கும் ஆபரேட்டர் ரிமோட்டில் பொத்தானை அழுத்துவார். கிரேனின் தலையில் இருக்கும் ரிசீவர் கேட்டு நடக்கும்.

அறுத்த கல்லின் சேறு படாத பொருள் அங்கே கிடையாது. காய்ந்தால் மாவு, நனைந்தால் சளி. ரிமோட்டின் பொத்தான் இடுக்குகளில் அது அப்பியிருந்தது. அதன்மேல் பல பேருடைய கையுறை வியர்வை ஊறியிருந்தது. முகர்ந்து பார்க்க வேண்டியதில்லை. இடுப்பு உயரத்தில் பிடித்தாலே மூக்குக்கு ஏறியது. டெஸ்டர் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டுதான் அதைத் தொட்டார்.

முதல் ஷெட்டிலிருந்து கடனாக வந்திருந்த ஆபரேட்டர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். ரிமோட்டையும் ரிசீவரையும் இணைப்பதை யார்டில் ஜோடி சேர்ப்பது என்பார்கள். ஜோடி சேர்ந்தால் பச்சை. பிரிந்தால் சிவப்பு.

"மூணு வாரம் முன்னாடிதான் புதுசா கட்டி வச்சீங்க. அதுக்குள்ள பிச்சுக்கிட்டு நிக்குது. முதல் தாரம் எங்கயாவது உயிரோட இருக்கா பாருங்கண்ணே."

டெஸ்டர் சிரிக்கவில்லை. அன்று மூன்று மணிக்கு விசாரணை. விசாரிக்கப்படப் போவது அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி.

இந்த இரண்டாம் நம்பர் கிரேனுக்கு அவன்தான் ஆபரேட்டர். ஒன்பது நாள் முன்பு ஒரு பலகையை அடுக்கில் நிறுத்திக்கொண்டிருந்தான். கொக்கி மாட்டுகிறவர் பலகைக்கு அடியில் கையை விட்டு, அதைத் தாங்கும் கட்டையைச் சரிசெய்தபோது பலகை இறங்கிவிட்டது. வலது கையில் இரண்டு விரல் போயிற்று. கட்டையோடு நசுங்கிக் கிடந்ததை மறுநாள் வரை யாரும் எடுக்கவில்லை. சேற்றோடு சேர்த்து ஹோஸ் பைப்பால் அடித்துவிட்டார்கள்.

தான் எதையும் அழுத்தவில்லை என்றான் மச்சினன். சிவப்பு விளக்கு வந்தது, உடனே கட்டைவிரலை எடுத்துவிட்டேன், அதற்கப்புறம்தான் பலகை இறங்கியது என்று அன்றைக்கும் சொன்னான், மறுநாளும் சொன்னான், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதையே சொன்னான்.

டெஸ்டர் அதை நம்பவில்லை. சிவப்பு வந்தால் கிரேன் நிற்கும். இறங்காது. அது அவருக்குத் தன் உள்ளங்கை மாதிரித் தெரியும். இறங்க வேண்டுமென்றால் ஒருவன் அழுத்த வேண்டும் என்று அவனிடமே சொன்னார். ரிமோட்டைப் பிரித்துப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார். கருவியில் கோளாறு எதுவும் இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். உண்மையைத்தான் எழுதினோம் என்று நினைத்தார். பையன் போனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான், இப்போது பூசி மெழுகுகிறான். வீட்டில் மனைவியிடமும் அப்படியே சொன்னார்.

ஒன்பது நாளாக அவள் அவரிடம் பேச்சைச் சுருக்கிவிட்டாள். அன்று காலை மட்டும் டம்ளரை வைக்கும்போது வாயைத் திறந்தாள்.

"சோம்பேறின்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். தின்ன தட்டைக் கழுவ மாட்டான், அதையும் ஒத்துக்கறேன். பொய் சொல்ல மாட்டான் என் தம்பி."

கவனக்குறைவு என்று முடிவானால் ஆபரேட்டர் அட்டையைப் பறித்துவிடுவார்கள். அட்டை போனால் வேறெந்த யார்டும் அவனை வாசலில்கூட நிற்க விடாது. முப்பத்தொரு வயது. வேறு வேலை தெரியாது.

டெஸ்டர் பேட்டரியை மாற்றினார். சிவப்பு. பேட்டரி தொடும் தகடுகளை உரசித் துடைத்தார். சிவப்பு. பக்கத்துக் கிரேனின் அலை குறுக்கே வருகிறதோ என்று அதன் ரிமோட்டை அணைத்து வைக்கச் சொன்னார். சிவப்பு. சேனலை மாற்றினார். பதினோரு நிமிஷம் பச்சை நின்றது. கடன் ஆபரேட்டர் கையைத் தட்டப் போனார். சிவப்பு.

முகவரியிலேயே கோளாறோ என்று தோன்றியது. ஒவ்வொரு ரிமோட்டுக்குள்ளும் ஒரு நீளமான எண் இருக்கும். அதுதான் அதன் முகவரி. தெரிந்த முகவரியிலிருந்து வரும் கட்டளையை மட்டுமே ரிசீவர் கேட்கும். புது ரிமோட் வந்தால் முறை என்னவென்றால், மேலே ஏறி, ரிசீவரைத் திறந்து, பழைய முகவரியை அழித்து, புதியதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்குக் கிரேனை நிறுத்த வேண்டும். நிறுத்த இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். அரை நாள் வேலை கெடும். ஆகவே அந்த யார்டில் யாரும் அப்படிச் செய்வதில்லை. செத்த ரிமோட்டின் முகவரியை ஒரு சின்னப் பெட்டியால் உறிஞ்சிப் புது ரிமோட்டில் ஏற்றிவிடுவார் டெஸ்டர். தரையில் நின்றபடியே பத்து நிமிஷம். மேலே இருக்கும் ரிசீவருக்கு ஆள் மாறியதே தெரியாது. இந்தக் கைவித்தையை யார்டுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். முதல் தடவை பண்ணிக் காட்டியபோது எல்லாரும் பாராட்டினார்கள்.

வேலை முடிந்ததும் பழைய ரிமோட்டைச் சுத்தியலால் உடைத்துவிடுவார். ஒரே முகவரியில் இரண்டு இருக்கக் கூடாது என்பது அவர் தனக்குப் போட்டுக்கொண்ட ஒரே சட்டம். மூன்று வாரம் முன்பு சேற்றுத் தொட்டியில் விழுந்து செத்ததை மட்டும் உடைக்கவில்லை. சூப்பர்வைசர் கேட்டு வாங்கிக்கொண்டான். கழிவுக் கணக்கில் முழுசாகக் காட்ட வேண்டும் என்றான்.

பெட்டியை மாட்டி முகவரியைப் படித்தார். சரியாக இருந்தது. மறுபடி எழுதினார். சிவப்பு.

இனி மேலேதான் பார்க்க வேண்டும். ரிமோட்டை அணைத்தார். கடன் ஆபரேட்டரை நம்பாமல் பேட்டரியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். மின்சாரத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ரிசீவரின் விளக்குகள் தெரியாது. நிறுத்தவும் கையெழுத்து வேண்டும்.

ஏணி முப்பத்தைந்து அடி. ஒவ்வொரு படியிலும் சேறும் கிரீஸும் கலந்து தடித்திருந்தது. மேலே நடைமேடை முழுக்கப் புறா எச்சம். பல வருஷத்து எச்சம், அடுக்கடுக்காக. மூலையில் செத்த புறா ஒன்று காய்ந்து ஒட்டிக் கிடந்தது. டெஸ்டர் மூச்சை வாயால் விட்டுக்கொண்டு மண்டியிட்டார். கால்சட்டை முட்டி நனைந்தது. எதனால் நனைந்தது என்று அவர் பார்க்கவில்லை.

ரிசீவரின் மூடியைத் திறந்தார்.

பச்சை.

பையைத் தொட்டுப் பார்த்தார். பேட்டரி அங்கேதான் இருந்தது. ரிமோட் கீழே எண்ணெய் டின் மேல் வாய் பிளந்து கிடந்தது. ரிசீவர் யாரோடோ ஜோடி சேர்ந்திருந்தது.

அவருக்கு அது முழுவதும் விளங்குவதற்குள் கிரேன் நகர்ந்தது.

மணி அடிக்கவில்லை. எச்சரிக்கை இல்லை. நடைமேடை ஒரு குலுக்கலோடு அவரைச் சுமந்துகொண்டு ஆறேழு அடி போய் நின்றது. கம்பியைப் பிடித்த கை எச்சத்தில் வழுக்கியது. மறுபடி பிடித்தார். கீழே கொக்கி ஆடிக்கொண்டே லாரி பக்கம் போயிற்று.

ஷெட்டின் கோடியில் சூப்பர்வைசரின் கண்ணாடி அறை. மூன்று பக்கமும் கண்ணாடி, உள்ளே ஏசி. ஆட்கள் அதை மீன்தொட்டி என்பார்கள். அறைக்கு வைத்த பெயர் நாளடைவில் உள்ளே இருப்பவனுக்கும் ஒட்டிக்கொண்டது. மேலிருந்து பார்க்க எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மீன்தொட்டி நாற்காலியில் சாய்ந்திருந்தான். ஒரு கையில் டீக் கோப்பை. இன்னொரு கை மேசைக்குக் கீழே. பார்வை லாரி மேல். மேலே அவன் பார்க்கவில்லை. மேலே ஆள் இருப்பான் என்ற எண்ணம் அவனுக்கு எழவே இல்லை.

டெஸ்டர் கம்பியைப் பிடித்தபடியே அவனைப் பார்த்தார். சிவப்பு வந்தது, விரலை எடுத்தேன், அப்புறம்தான் இறங்கியது. மச்சினன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அந்த வரிசையிலேயே சரியாக இருந்தது. இரண்டாவது ரிமோட் உயிர் பெற்றதும் ரிசீவர் அதன் பக்கம் சாய்ந்துவிடும். முதலாவதில் சிவப்பு வரும். அப்புறம் இரண்டாவது என்ன சொல்கிறதோ அதுதான் நடக்கும். நின்றுதான் இருக்கும் என்று அவர் சாதித்தார். ஒரு ரிமோட்டுக்கு அது சத்தியம். இரண்டு இருக்கலாம் என்று ஒரு நொடிகூட அவர் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் முகவரியை இரண்டாக்கியவன் யார் என்றும் நினைக்க வேண்டியிருக்கும்.

இறங்கினார். கையைத் துடைக்காமலே கண்ணாடி அறைக்குப் போனார்.

உள்ளே வாசனைத் திரவியமும் பழைய டீயும் ஏசியின் ஈரத் துணி நாற்றமும் கலந்திருந்தன. மீன்தொட்டி முதலாளியின் அக்கா மகன். இருபத்தெட்டு வயது. தன்னைவிட மூத்த எல்லாரையும் அண்ணே என்பான். அந்த அண்ணேயில் மரியாதை இருக்கிறதா கேலி இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடிந்ததில்லை.

டெஸ்டர் கேட்கவில்லை. மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். பிஸ்கட் தூளுக்கும் நகவெட்டிக்கும் நடுவே பழைய ரிமோட் இருந்தது. அழுக்குப் படாமலிருக்க உணவுப் பொட்டலம் சுற்றும் பிளாஸ்டிக் தாளில் பொதிந்திருந்தான். உள்ளே வியர்த்து வழுவழுவென்றிருந்தது. எடுத்த கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

மீன்தொட்டியின் முகத்தில் ஒரு கணம் ஈயாடவில்லை. அப்புறம் தேறிக்கொண்டான். சேறு காய்ந்ததும் தானாகவே உயிர் வந்துவிட்டது என்றான். கீழே ஆட்கள் ஆடி அசைந்து வேலை பார்க்கிறார்கள், இங்கிருந்து கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தால் கை வேகம் கூடுகிறது, லாரிக்காரன் காத்திருக்க வேண்டியதில்லை என்றான். ஆள் இல்லாதபோது மட்டும்தான் தொடுவானாம். அன்றைக்கு? அன்றைக்கு அடுக்குக்குப் பின்னால் ஆள் இருந்தது இங்கிருந்து தெரியவில்லை. கண்ணாடியில் தூசி.

கண்ணாடியில் தூசி. அதை அவன் துடைக்கச் சொல்லியிருந்தான், துடைக்கிறவர்கள் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னான்.

"ரெண்டு விரல் போச்சுய்யா."

"எனக்கும் சங்கடமாத்தான் இருக்குண்ணே. ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல. ஆனா ஒரே நம்பரை ரெண்டுக்கும் போட்டது யாரு? நானா?"

சொல்லிவிட்டு டீயின் மேல் படிந்த ஆடையை விரலால் வழித்து மேசை விளிம்பில் தடவினான்.

டெஸ்டர் ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார்.

மேனேஜர் அம்மா கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவர். குரலை உயர்த்த மாட்டார். மேசையில் எப்போதும் கை துடைக்கும் திரவம் ஒரு பாட்டில் இருக்கும். யார் வந்து போனாலும் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்துக்கொள்வார். டெஸ்டர் சொன்னதை முழுதாகக் கேட்டார். குறுக்கே பேசவில்லை. ஓரிடத்தில் கண்ணைக்கூட மூடிக்கொண்டார். சொல்லி முடித்ததும் ஒரு காகிதத்தை விரித்து, ரிமோட்டை அதன்மேல் வைக்கச் சொன்னார். காகிதத்தோடு மடித்துத் தன் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். இரண்டு சொட்டு.

முதல் வேலை அந்தக் கிரேனைச் சரிசெய்வது என்றார். புது ரிமோட்டுக்கு அதன் சொந்த முகவரியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ரிசீவரிலிருந்து பழையதை அழிக்க வேண்டும். முறைப்படி. கிரேனை நிறுத்தும் தாளை அப்போதே எழுதினார். அவர் ஒரு கையெழுத்து. ஆளை அனுப்பி மீன்தொட்டியிடம் இன்னொன்று. நாலு நிமிஷம் ஆயிற்று. பதினேழு வருஷத்தில் அந்தத் தாள் அவ்வளவு சீக்கிரம் கிடைத்து டெஸ்டர் பார்த்ததில்லை.

"கீழ ஆளுங்க நிக்கறாங்க. உயிரு முக்கியம். மத்ததை அப்புறம் பேசலாம்."

டெஸ்டர் தாளை எடுத்துக்கொண்டார். உயிர் முக்கியம்தான்.

மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை மட்டும் நிறுத்திவிட்டு, இரண்டாம் முறை எச்சத்தில் மண்டியிட்டு, ரிசீவரின் உள்ளே அழிக்கும் பொத்தான் மேல் விரலை வைத்தபோதுதான் அவருக்கு உறைத்தது. இதை அழித்துவிட்டால் பழைய ரிமோட் வெறும் பிளாஸ்டிக். அது இந்தக் கிரேனை நகர்த்தும் என்று விசாரணையில் யாருக்கும் நகர்த்திக் காட்ட முடியாது. கீழே பார்த்தார். கொக்கிக்கு அடியில் மூன்று பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

அழுத்தினார். விளக்கு இரண்டு முறை சிமிட்டி அணைந்தது. புது ரிமோட்டின் சொந்த முகவரியைச் சொல்லிக்கொடுத்தார். பச்சை. நின்றது. கீழே இறங்கியும் நின்றது. அரை மணி கழித்தும் பச்சையாகவே நின்றது. மூன்று வாரம் முன்பே இப்படிச் செய்திருந்தால் அரை நாள் கெட்டிருக்கும். அவ்வளவுதான்.

குடும்பம் ஒற்றுமையாகிவிட்டது என்றார் கடன் ஆபரேட்டர். டெஸ்டர் குழாயடிக்குப் போனார். கையைத் தேய்த்துக் கழுவினார். சோப்பு நுரை சாம்பலாக வழிந்தது. மறுபடி கழுவினார். முகர்ந்தார். நாற்றம் போகவில்லை.

இரண்டரைக்கு மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். அலுவலக வாசல் பெஞ்சில் மச்சினன் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. முழங்காலில் பிளாஸ்டிக் உறையில் ஆபரேட்டர் அட்டை. மாமனைக் கண்டதும் எழுந்து நின்றான், பேசவில்லை. டெஸ்டர் அறிக்கை கொடுத்ததிலிருந்து அவனும் அப்படித்தான். டெஸ்டர் அவன் தோளைத் தொட நினைத்தார். கையின் நாற்றம் ஞாபகம் வந்து விட்டுவிட்டார்.

உள்ளே மேசைமேல் தட்டச்சு செய்த இரண்டு தாள்கள் இருந்தன. இரண்டிலும் கீழே அவர் பெயருக்கு இடம் விட்டிருந்தது. மேனேஜர் படிக்கச் சொன்னார்.

முதல் தாளில் நடந்தது நடந்தபடி இருந்தது. தொழில்நுட்ப விதியை மீறி எலக்ட்ரீஷியன் ஒரே முகவரியை இரண்டு ரிமோட்டுகளில் எழுதினார் என்று தொடங்கியது. பழைய ரிமோட்டை அழிக்காமல் விட்டார் என்பது இரண்டாம் வரி. விபத்துக்குப் பிறகு கோளாறு இல்லை என்று தவறான அறிக்கை தந்தார் என்பது மூன்றாம் வரி. மீன்தொட்டி ஐந்தாம் வரியில் வந்தான். ரிமோட் அவனுடைய பாதுகாப்பில் இருந்தது என்று மட்டும்.

இரண்டாம் தாள் சின்னது. ரிமோட் இணைப்பில் ஏற்பட்ட எதிர்பாராத அலைக் குறுக்கீட்டால் விபத்து நேர்ந்தது. இதில் யாருடைய கவனக்குறைவும் இல்லை. ஆபரேட்டர் நாளை முதல் பணிக்குத் திரும்பலாம். குறை சரிசெய்யப்பட்டது.

இரண்டுமே பொய் இல்லை என்றார் மேனேஜர். ஒன்றில் விவரம் கூட, ஒன்றில் குறைச்சல். முதலாவதைக் கொடுத்தால் இன்று எதுவும் முடியாது. வெளியிலிருந்து ஆட்கள் வருவார்கள். மாதக்கணக்கில் இழுக்கும். அதுவரை பையன் வெளியேதான். டெஸ்டரும் வெளியே. சூப்பர்வைசரைப் பற்றி அவர் தனியாகப் பேசிக்கொள்வார், குடும்பத்து ஆட்களிடம், பேச வேண்டிய விதத்தில்.

"கொக்கிக்காரரு?" என்றார் டெஸ்டர்.

அவருக்கு எந்தத் தாளாலும் விரல் முளைக்கப் போவதில்லை என்றார் மேனேஜர், மிகவும் வருத்தத்தோடு. அதைச் சொன்னபோது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

டெஸ்டர் முதல் தாளை இன்னொரு முறை படித்தார். ஒவ்வொரு வரியும் உண்மை. பேனாவை எடுத்தார். வெளியே பெஞ்சில் இருக்கிறவனை நினைத்தார், அல்லது அவனை நினைப்பதாக நினைத்தார். சின்னத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மணி விசாரணை மூன்று எட்டுக்கு முடிந்தது. மேனேஜர் தாளை வாசித்தார். மச்சினன் வாயைத் திறந்தபடி கேட்டான். முடிந்ததும் மீன்தொட்டி அவனைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினான். பையன் மேல் தப்பு இருக்காது என்று தான் அப்போதே சொன்னதாக எல்லாரும் கேட்கும்படி சொன்னான். டெஸ்டர் பக்கம் திரும்பி, அண்ணன் மட்டும் இல்லையென்றால் இது வெளியே வந்திருக்குமா என்றான். வாசனைத் திரவியம் மச்சினனின் இஸ்திரிச் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

இருவரும் வாசலைத் தாண்டி வெளியே நடந்தார்கள். மச்சினன் போனை எடுத்து அக்காவிடம் சொன்னான். மறுமுனையில் அவள் அழுவது டெஸ்டருக்கே கேட்டது. போனை நீட்டினான். அவள் ஒன்பது நாளில் முதல்முறையாக அவரிடம் குரலைக் குழைத்துக்கொண்டு, நீங்க நல்லா இருக்கணும் என்றாள். டெஸ்டர் சரி என்றார். வீட்டுக்கு வருகிறோம் என்றார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

தெரு நெடுகக் கல் லாரிகளின் சேறு காய்ந்து கிடந்தது. மச்சினன் வேகமாக நடந்தான், பேசிக்கொண்டே நடந்தான். நாளைக்குக் காலை சீக்கிரம் போக வேண்டும், கையுறை புதிதாக வாங்க வேண்டும் என்றான். அதற்கு முன் இன்றைக்கே கொக்கிக்காரர் வீட்டுக்குப் போக வேண்டும் என்றான். முதல் தடவை பழம் வாங்கிக்கொண்டு போனபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். அவர் மனைவி பையைக்கூட வாங்கவில்லையாம். இப்போது தலை நிமிர்ந்து போகலாம், இல்லையா. நான் செய்யவில்லை என்று சொல்லலாம். தாளே இருக்கிறது.

அப்புறம் அவன் நடை தளர்ந்தது. ஏதோ யோசிக்கிறான் என்று டெஸ்டருக்குத் தெரிந்தது. அவர் வேகத்தைக் கூட்டினார். அவன் கூட வரவில்லை. நாலடி போய்த் திரும்பிப் பார்த்தார். தெருவின் நடுவே அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"குறுக்கீடு வந்தா கிரேன் அப்படியே நிக்கும், இறங்காதுன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க. நிக்கவைக்க யாரும் வேண்டாம், இறக்கணும்னா ஒருத்தன் அழுத்தணும்னு சொன்னீங்க."

டெஸ்டர் கையைக் கால்சட்டையில் துடைத்தார். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. மச்சினன் நகரவில்லை.

"நான் அழுத்தல. அப்போ அழுத்தினது யாரு, மாமா?"